பெற்றோர் கையொப்பம்

ஜூன் 4

வாலு,

"அன்புள்ள" என்று போடக் கை வரவில்லை, அதனால் போடவில்லை. நீ போன் செய்தாலும் எடுக்கப்போவதில்லை. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன். எழுதினால் நடுவில் நிறுத்தித் தண்ணீராவது குடிக்கலாம்.

லீவு முடிந்து டீச்சர் டிரெயினிங் விடுதிக்குக் கிளம்பும்போது பரண்மேல் ஒரு மூட்டையைப் போட்டுவிட்டு, "பழைய சார்ட்டுதான்க்கா, குட்டி கிறுக்கட்டும்"னு சொன்னாய். நேற்று ஞாயிற்றுக்கிழமை. குட்டி பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னை இழுத்து இழுத்துப் பார்த்தாள். சரியென்று ஏறி மூட்டையை இறக்கினேன். தெர்மாகோல் ஆப்பிள், அட்டைக் கடிகாரம், எண் அட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பு அட்டை போட்ட உன் ரெக்கார்டு நோட்டு. "குழந்தை ஆய்வு, முதலாம் ஆண்டு." எங்கள் வீட்டுச் சின்னவள் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் என்று பெருமையோடுதான் பிரித்தேன்.

"குழந்தை 'க'. பெண். வயது நான்கு. 10.20: குழந்தை தரையில் அமர்ந்து பட்டன்களை நிறவாரியாகப் பிரிக்கிறது. பின்னாலிருந்து பெயர் சொல்லி மூன்று முறை அழைக்கப்பட்டது. திரும்பவில்லை. 10.35: தாய் எதிரில் வந்து கையசைத்தார். உடனே எழுந்து சென்றது. 11.05: காற்றில் கதவு பலமாக அடித்துக்கொண்டது. தாய் திடுக்கிட்டார். குழந்தையிடம் மாற்றமில்லை."

பட்டன் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் வேலையிலிருந்து கொண்டுவரும் உடைந்த பட்டன்கள் அவை. அந்தத் தாய் நான்தான். திடுக்கிட்டாராம். என் வீட்டில் உட்கார்ந்து, நான் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டே, என்னையும் என் பெண்ணையும் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். ஐம்பதுக்கு நாற்பத்தாறு மார்க். நல்ல மார்க்குதான்.

கடைசிப் பக்கத்தில் உங்கள் மேடம் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்: "செவித்திறன் பரிசோதனை அவசியம். பெற்றோருக்குத் தெரிவித்தீர்களா?" அதற்குக் கீழே நீ, "தெரிவிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். அதற்கும் கீழே "பெற்றோர் கையொப்பம்" என்ற இடத்தில் என் கையெழுத்து. போன ஆகஸ்ட் தேதி.

நான் எப்போதடி கையெழுத்துப் போட்டேன்? அம்மா போன பிறகு எட்டு வருஷம் உன் மார்க் ஷீட்டில் நான் போட்டதைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாய் போலிருக்கிறது. சுழி கூடத் தப்பவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் அக்கா பெண்ணுக்குக் காது கேட்கவில்லை என்று உனக்குத் தோன்றினால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? என்னிடமா, மார்க் போடுகிறவரிடமா?

அவளுக்குக் கேட்கும். நன்றாகவே கேட்கும். பேச்சுதான் கொஞ்சம் தாமதம்.

உன் அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

ஆறு முறை போன் செய்தேன். நீ எடுக்கமாட்டாய் என்று தெரிந்தும் செய்தேன். இந்தக் கடிதத்தையும் மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். கிழிக்காமல் அனுப்பினால் அது கடவுள் செயல்.

நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் பேசவில்லை. முதலாம் ஆண்டில் எங்கள் ஒவ்வொருவருக்கும் பயிற்சிப் பள்ளியில் ஒரு குழந்தையைக் காட்டிவிடுவார்கள். பன்னிரண்டு வாரம் அந்தக் குழந்தையைத் தூர நின்று பார்த்து எழுத வேண்டும். எனக்குக் கொடுத்த பையன் நான்காவது வாரமே வேறு ஊருக்குப் போய்விட்டான், அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்ததாம். வேறு குழந்தை கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். அப்போதுதான் பத்து நாள் லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். குட்டி எதிரிலேயே இருந்தாள். கைக்கெட்டினதை எடுத்துக்கொண்டேன். பத்து நாளில் பார்த்ததைப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிரித்து எழுதினேன்.

எழுதும்போது எங்களுக்கு ஒரே ஒரு விதி. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நினைப்பதை எழுதக்கூடாது. "அடம் பிடிக்கிறாள்" என்று எழுதினால் மேடம் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். "கூப்பிட்டபோது திரும்பவில்லை" என்றுதான் எழுத வேண்டும். நானும் அப்படியே எழுதிக்கொண்டு போனேன். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, நினைக்காமலே எழுதினேன். மேடம் சிவப்பு மையில் எழுதியதைப் படித்த பிறகுதான் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அந்த வாரமே உனக்கு போன் செய்தேன். உனக்கு நினைவிருக்காது. "குட்டி எப்படி இருக்கா?"ன்னு கேட்டேன். "நேத்து ஒரு பாட்டுக்கு ஆடினா பாரு, அப்படியே உன்னை மாதிரி"ன்னு சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு நாக்கு எழவில்லை. நான் சின்னவள், பாதி படித்தவள், தப்பாகவும் இருக்கலாமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் ரெக்கார்டு ஒப்படைக்கக் கடைசி நாள். கையெழுத்தில்லாமல் வாங்கமாட்டேன் என்றார்கள். போட்டுவிட்டேன். அடுத்த லீவில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு லீவிலும் அடுத்த லீவு என்று ஆகிவிட்டது.

என்னைத் திட்டு, அடி, வீட்டுக்கு வராதே என்று சொல். ஆனால் குட்டியை ஒருமுறை காதுச் சோதனைக்குக் கூட்டிப்போ. காலில் விழுந்து கேட்கிறேன்.

வாலு


ஜூன் 17

வாலு,

கூட்டிப்போக வேண்டிய அவசியமில்லை. நானே சோதித்துவிட்டேன்.

குட்டி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று பெரிய பாத்திரத்தைத் தரையில் போட்டேன். டக்கென்று திரும்பினாள். இரண்டாவது தடவையும் போட்டேன், திரும்பினாள். மூன்றாவது தடவைக்குக் கீழ்வீட்டு டைலரம்மா மேலே வந்துவிட்டாள், "என்னம்மா, புருஷன் வந்துட்டாரா?"ன்னு கேட்டாள். போதுமா?

உன் மாமாவிடமும் சொன்னேன். லாரியை எங்கேயோ ஓரங்கட்டிவிட்டுப் பேசினார். "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவாங்க. நானே அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தேன். உன் தங்கச்சி ரெண்டு எழுத்து படிச்சிட்டு நம்ம புள்ளைக்கு நோய் கண்டுபிடிக்கிறாளா?"ன்னார்.

குட்டிக்கு என் பேச்சு கேட்கவில்லை என்றால் இத்தனை வருஷம் எப்படி என்னோடு இருந்தாள், சொல். தையல் கூடத்தில் நாற்பது மிஷின் ஓடும். கைக்குழந்தையாக அவளை என் மிஷின் பக்கத்தில் துணிமூட்டைமேல் படுக்க வைப்பேன். அந்த இரைச்சலிலும் அசையாமல் தூங்குவாள். "உன் பொண்ணு தங்கம்டி, என் புள்ளையா இருந்தா ஊரையே கூட்டியிருப்பான்"னு பட்டன் ஓட்டைக்குக் காஜா போடும் அம்மா சொல்வாள். அங்கே நாங்கள் யாரும் வாயால் பேசுவதில்லை, பேசினால் யாருக்குக் கேட்கும்? நூல் வேண்டுமென்றால் விரலைச் சுற்றிக் காட்டுவோம், சூப்பர்வைசர் வந்தால் புருவத்தைத் தூக்குவோம். குட்டி இரண்டு வயதிலேயே அதெல்லாம் கற்றுக்கொண்டாள். "கத்தரிக்கோல்" என்று நான் விரல்களால் வெட்டுவதுபோல் காட்டினால் ஓடிப்போய் எடுத்துவருவாள். புத்தியில்லாத பிள்ளையா அது?

படிக்கிற வேலையைப் பார்.

அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்கா,

பாத்திரம் விழுந்தது தரையில். குட்டி உட்கார்ந்திருந்ததும் தரையில். அந்த அதிர்வு அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கும். காதுக்குத்தான் தெரிந்தது என்று சொல்ல முடியாது அக்கா. அவளைக் கட்டில்மேல் உட்கார வை. பின்னால் நின்று, எதையும் தட்டாமல், வாயால் மட்டும் கூப்பிடு. ஒரே ஒரு முறை.

உன் கடிதத்தில் ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாற்பது மிஷின் இரைச்சலில் அசையாமல் தூங்கினாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம்.

புத்தி இல்லை என்று நான் சொல்லவே இல்லை. நம் வீட்டிலேயே கெட்டிக்காரி அவள்தான். அதனால்தான் நம் எல்லோரையும் ஏமாற்றிவிட்டாள்.

மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். அது பள்ளிக் குழந்தை இல்லை, என் அக்கா பெண், கையெழுத்தும் அக்கா போட்டதில்லை என்றேன். அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கையெழுத்து இருந்துச்சு, அதனால வீட்டுல பார்த்துக்குவாங்கன்னு நான் விட்டுட்டேன்மா"ன்னார். பிறகு, "வருஷத்துக்கு எண்பது ரெக்கார்டு பார்க்கறேன்"ன்னார். அந்த மார்க்கை ரத்து செய்துவிட்டார்கள். இந்த வருஷப் பாடங்களோடு அதையும் புதிதாக எழுத வேண்டும். அது ஒரு தண்டனையே இல்லை.

உடனே கிளம்பி வரலாம் என்றால் டீச்சிங் பிராக்டிஸ் ஆரம்பித்துவிட்டது. நாற்பது நாளில் இரண்டு நாள் விட்டால் கூட அடுத்த வருஷம்தான் பரீட்சை எழுத முடியும். எனக்கு ஒன்றாம் வகுப்பு, முப்பத்தோரு பிள்ளைகள். காலையில் போனதும் என்ன செய்கிறேன் தெரியுமா? பாடத்திட்டத்தில் இல்லாத வேலை. ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். முப்பத்தொன்றும் திரும்பிவிட்டது. வகுப்பாசிரியை, "என்னம்மா, கண்ணாமூச்சியா?"ன்னு கேட்டார். ஆமாம் என்றேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் சோதனை நடக்கிறது, நம் பிள்ளைக்கு நடக்கவில்லை.

கட்டில்மேல் உட்கார வை அக்கா.

வாலு


ஜூலை 20

வாலு,

ஒரு மாதமாக எழுதவில்லை. என்னவென்று எழுதுவது?

உன் கடிதம் வந்த அன்றே கட்டில்மேல் உட்கார வைத்தேன். பின்னால் நின்று கூப்பிட்டேன். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக, பிறகு தொண்டை வலிக்க. அவள் காலை ஆட்டிக்கொண்டு பட்டனை அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை தற்செயலாகத் திரும்பினாள், என் முகத்தைப் பார்த்ததும் அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

உன் மாமாவைக் கேட்கவில்லை, கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை மாதிரி தைத்திருக்கிறார்கள். தையல் நேராகவே இல்லை, அந்த நேரத்திலும் என் கண் அதைத்தான் பார்த்தது. குட்டி காதில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு கையில் ஒவ்வொரு பாசிமணியாகக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் மணியை டப்பாவில் போட வேண்டும். எதிரில் சோதனை செய்கிற பெண் உட்கார்ந்தாள். குட்டி முதல் தடவையே போட்டாள். அடுத்ததும் போட்டாள், அடுத்ததும். எனக்கு உயிர் வந்தது. உன்னை எப்படியெல்லாம் திட்டி எழுதலாம் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "என் முகத்தைப் பார்த்துப் போடறாம்மா. பட்டனை அழுத்தும்போது எனக்குப் புருவம் லேசா தூக்குது போல"ன்னாள். எழுந்து குட்டியின் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதற்குப் பிறகு மணி கையிலேயே இருந்தது. எவ்வளவோ நேரம். மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போது போட வேண்டும் என்று தெரியாமல், திரும்பித் திரும்பி என்னைத் தேடினாள். புருவத்தைத் தூக்கலாமா என்று எனக்கு இருந்தது வாலு. சத்தியமாக இருந்தது.

இரண்டு காதிலும் மிகக் கொஞ்சம்தான் கேட்கிறதாம். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்குமாம். டாக்டர், "மூணு வயசுக்குள்ள வந்திருந்தா பேச்சு நல்லாவே வந்திருக்கும். போன வருஷம் வந்திருந்தாக்கூட கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும். யாரும் கவனிக்கலியா, யாரும் சொல்லலியா?"ன்னு கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. தங்கை பார்த்தாள், தாய் பார்க்கவில்லை என்று அந்த மனுஷனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து மாதம் நீ சொல்லாமல் இருந்தாய். ஐந்து வருஷம் நான் பார்க்காமல் இருந்தேன். உன்னைக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? ஆனாலும் கோபம் போகவில்லை. போன வருஷம் என்று அவர் சொன்னாரே, அந்த வார்த்தை காதிலேயே நிற்கிறது.

காதுக்கு மிஷின் மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். அளவெடுத்தாயிற்று. உன் மாமா போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் அஞ்சு வயசுல பேசினேன்ல"ன்னு மறுபடி அதையே சொன்னார். பாவம்.

அக்கா


ஜூலை 26

அன்புள்ள அக்கா,

படித்தேன். அழுதேன் என்று எழுதினால் உனக்கு எரிச்சல் வரும், அதனால் எழுதவில்லை.

நான் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். குட்டிக்கு நான் கற்றுத்தருகிறேன். அதற்குத்தானே இங்கே வந்தேன் என்று பெட்டியைக் கூட இறக்கிவிட்டேன்.

பிறகு, போய் என்ன கற்றுத்தரப்போகிறோம் என்று எங்கள் புத்தகங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். காது கேட்காத குழந்தைகளைப் பற்றி இரண்டே பக்கம் இருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தின் ஓரத்திலும் என் கையெழுத்திலேயே பென்சிலால் எழுதியிருக்கிறேன், "பரீட்சைக்கு வராது" என்று. எங்கள் வகுப்பில் நாற்பது பேருக்கும் அது வராது. மேடம் அன்றைக்கு, "நீங்களே படிச்சுக்குங்க"ன்னு சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனார். யாரும் படிக்கவில்லை.

தெர்மாகோலில் ஆப்பிள் வெட்டத் தெரியும். நாங்களே ஒருவருக்கொருவர் பிள்ளைகளாக நடித்துப் பாடம் எடுப்போம், இரண்டு குழந்தை பெற்றவள் ஒருத்தி கையைத் தூக்கி, "டீச்சர், ஒண்ணுக்கு"ம்பாள், எல்லோரும் சிரிப்போம். அவளைச் சமாளிக்கத் தெரியும். பாட்டு தெரியும், நாற்பது பாட்டு மனப்பாடம். கேட்காத பிள்ளைக்கு நாற்பது பாட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் அக்கா?

மேடத்தைக் கேட்டேன். இதற்கென்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அனுப்புங்கள் என்றார். எங்கே என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஒரு வாரமாக விசாரிக்கிறார்.

மிஷின் மாட்டியாயிற்றா? கேட்கிறதா? நான் வரட்டுமா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வாலு


ஆகஸ்ட் 5

வாலு,

நீ வராதே. பெட்டியை எடுத்து மேலே வை.

கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறது, அது வேறு. நீ இப்போது வந்து எதிரில் நின்றால் என் முகம் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. குட்டி வாயைக் கேட்பதில்லை, முகத்தைத்தான் கேட்கிறாள். அக்காவும் தங்கையும் சண்டை போட்டால் ஒரு சொல் கூடப் புரியாது, ஆனால் எல்லாம் தெரிந்துவிடும். அதனால் படித்து முடி. எந்தப் பிள்ளை திரும்பவில்லையோ அதன் வீட்டுக்கு அன்றைக்கே நடந்து போ. போய் அம்மாக்காரியிடம் சொல். அவள் அடிக்க வந்தாலும் சொல்.

மிஷின் வந்துவிட்டது. மாட்டின முதல் நாள் அவளுக்கு என்ன கேட்டதோ, ஓவென்று கத்திக்கொண்டு பிடுங்கி எறிந்தாள். கேட்கிறது என்று சந்தோஷப்படுவதா, பிள்ளை பயப்படுகிறது என்று அழுவதா என்று தெரியாமல் நானும் துணைக்கு வந்த காஜா போடும் அம்மாவும் நின்றோம். தையல் கூடத்துக்கு இனிமேல் கூட்டிப்போக முடியாது, அந்த இரைச்சல் காதில் அறையும் என்கிறார்கள். கீழ்வீட்டு டைலரம்மா பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். அவளிடம் இருப்பது ஒரே தையல் மிஷின்தான் என்றாலும் மிஷின்தானே. தினம் பத்து நிமிஷம் மாட்டுகிறேன், பிறகு குட்டியே கழற்றி என் கையில் கொடுத்துவிடுகிறாள். எறிவதில்லை, அதுவரை பரவாயில்லை. ஆனால் ஒரு சொல்லும் வரவில்லை. நாள் ஆகும் என்கிறார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் பிள்ளையைப் பொறுத்தது என்கிறார்கள்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். உன் மாமாவிடம் கூடச் சொல்லவில்லை.

தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் குட்டிக்கு ரெட்டைச் சடை பின்னுவேன். அரைமணி நேரம் ஆகும், அவ்வளவு முடி. அவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, நான் பின்னால் உட்கார்ந்து, கதை சொல்வேன். எனக்கு நாளெல்லாம் வாயைத் திறக்க வழியில்லாத வேலை, பேசுவது அந்த அரைமணிதான். அம்மா நமக்குச் சொன்னது, நானாக இட்டுக்கட்டினது, நீ சின்ன வயதில் அடித்த லூட்டி, நான் சைக்கிளிலிருந்து விழுந்தது, அவள் பிறந்த அன்று மழை பெய்தது, எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு கவனமாகக் கேட்கிறது பார் என்று உச்சியில் முத்தம் கொடுப்பேன்.

முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லியிருக்கிறேன் வாலு. இத்தனை வருஷமும். ஒரு சொல் கூடப் போய்ச் சேரவில்லை.

இப்போது என்னைப் பார்க்க உட்கார வைத்து, எட்டிப் பிடித்துப் பின்னுகிறேன். வகிடு கோணலாகிறது, டைலரம்மா சிரிக்கிறாள். குட்டி என் வாயையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள், சொல் என்பது போல. எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எனக்குப் பாதி மறந்துவிட்டது.

அக்கா